நாலாம் மாடி பாக்கி

பழைய ஓனர் வைத்துவிட்டுப் போன பாக்கியைக் கட்டினால்தான் கேட் திறக்கும் என்றேன். நாலாம் மாடி வீட்டை ஏலத்தில் எடுத்த அந்தப் பெண் சரி என்று தலையாட்டினாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சந்தாபுராவில் இந்த அபார்ட்மென்டுக்கு நான்தான் செக்ரட்டரி. ஏலத்தில் வீடு எடுத்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. பேங்கிடம் சல்லிசாக அடித்துவிட்டோம் என்று இளித்துக்கொண்டு வருவார்கள். ஏலம் கேட்பதற்கு முன்னால் ஒரு நடை வந்து விசாரிக்க மாட்டார்கள். பாக்கி என்றதும் என் சட்டையைப் பிடிப்பார்கள்.

இவள் பெயர் பிரிசில்லா. கோலார் தங்கவயல்காரி, கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர். சாமான் ஏற்றிய டெம்போ வெளியே வெயிலில் நின்றது. பணம் வராமல் உள்ளே விடாதே என்று வாட்ச்மேனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

மெயின்டனன்ஸ், தண்ணீர், கரண்ட், எல்லாவற்றுக்கும் வட்டி, பெயர் மாற்ற ஒரு கட்டணம். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டாள். காதிலும் கழுத்திலும் ஒரு பொட்டுத் தங்கம் இல்லை. எல்லாம் ஏலத்துக்கே போயிருக்கும்.

நான் சும்மா இருந்தேனா? பழைய ஓனர் பால்ராஜைக் கிழி கிழியென்று கிழித்தேன். கடன்காரப் பயல், சொல்லாமல் கொள்ளாமல் ஓடினவன், நோட்டீஸ் போர்டில் அவன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டதே நான்தான் என்றேன். பெருமைதான், வேறென்ன!

அவள் கைப்பையைத் திறந்தாள். வட்டியைக்கூடக் குறைக்கச் சொல்லாமல் மொத்தத்தையும் கட்டினாள்.

அடேயப்பா, பெண் என்றால் இவளல்லவா பெண்! மனசு நிறைந்துபோய், ஏதாவது சலுகை வேண்டுமானால் கேளும்மா என்று நானாகவே சொல்லிவிட்டேன்.

அவள் டெம்போவைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். முன் சீட்டில், தலையைக் குனிந்தபடி பால்ராஜ்.

"எங்க அண்ணன் சார். என் வீட்டுக்காரர் ஆபரேஷனுக்குத்தான் அண்ணன் இந்த வீட்டை அடமானம் வெச்சாரு. இனிமே மறுபடியும் அவரும் அண்ணியும்தான் இங்க இருக்கப்போறாங்க. லிஃப்ட்ல பாத்தா மூஞ்சியத் திருப்பிக்காம ஒரு வணக்கம் சொல்லுங்க சார், அது போதும்."