இருபத்திரண்டாவது விதி

"விடு!" என்று கீழிருந்து கத்தினார்.

எதை?

ஜீப் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு சரிவில் நின்றது. இடப்பக்கம் பள்ளம். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவளுக்கு முன்கண்ணாடி வழியே பாதையே தெரியவில்லை. பானெட்டுக்கு மேலே அவருடைய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் விசிலும் மட்டும் தெரிந்தன.

அவளுடைய நாத்தனாரின் கணவர். கரடுமுரடான பாதையில் வண்டி ஓட்ட இரண்டு நாள் பயிற்சி பெற்று, சான்றிதழுக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியவர். இன்று காலை மொத்தக் குடும்பத்தையும் வெயிலில் நிறுத்தி இருபத்தொரு விதிகளை வாசித்தார். முதல் விதி, இறங்குகிற வண்டிக்கு எதிரே எவனும் நிற்கக் கூடாது. கடைசி விதி, வழிகாட்டி சொன்னால் மறுபேச்சில்லை. நடுவில் இருந்தவற்றில் பாதி அவருடைய புது பூட்ஸின் பெருமை. கால் அளவைவிட இரண்டு சைஸ் பெரிது. கம்பீரத்துக்கும் இடம் வேண்டுமே.

"விடும்மா! விடு!"

பிரேக்கையா, கிளட்ச்சையா, வண்டியையா? எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே விடுதான்.

பிரேக்கைத்தான் சொல்கிறார். ஒன்பதாவது விதி: இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், முதல் கியரில் காலை எடுத்துவிட்டால் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

காலை எடுப்பதாவது! முழங்காலுக்குக் கீழே அது யாருடைய காலோ.

"பயப்படாத, ஒண்ணும் ஆகாது," என்றான் பின்சீட்டிலிருந்து கணவன். கண்ணை இறுக மூடிக்கொண்டு.

அவள் பல் மருத்துவர். இதே வாக்கியத்தை ஊசியும் கையுமாக தினமும் இருபது பேரிடம் சொல்கிறவள். அதன் மதிப்பு அவளுக்குத் தெரியும்.

ஒரு நூலளவு காலைத் தூக்கினாள்.

வண்டி முனகியது. அடியிலிருந்து ஒரு கல் நழுவிப் பள்ளத்துக்குள் போனது. விழுந்த சத்தம் வர நேரமானது.

"ஐயோ, விடு!"

குரல் கிழிந்தது. இவ்வளவு கோபமா? அவர் கோபித்துக்கொண்டால் நாத்தனார் ஒரு மாதம் பேசமாட்டாள். அதை லாபக்கணக்கில் சேர்க்கக்கூட அப்போது அவளுக்குத் தெம்பில்லை.

இரண்டு காலையும் பிரேக்கின் மேல் ஏற்றி மிதித்தாள். கைபிரேக்கைப் பிடித்து இழுத்தாள். இஞ்சின் குலுங்கி அணைந்தது. மறுபேச்சில்லை என்றாரே, பேசாமலே மறுத்துவிட்டாள்.

தொப்பி படக்கென்று பானெட்டுக்குக் கீழே மறைந்தது.

பிறகு எந்தச் சத்தமும் இல்லை. விசில்கூட இல்லை. அவளுக்கு மூச்சுவிட மறந்துபோனது. அந்த விடுவும் வரவில்லை.

வெகு நேரம் கழித்து, வண்டியைப் பிடித்துப் பிடித்து அவர் அவளுடைய ஜன்னலுக்கு வந்தார். தொப்பி இல்லை. கறுப்புக் கண்ணாடி இல்லை. முகத்தில் ரத்தமும் இல்லை.

"மன்னிச்சிடுங்கண்ணா. விடலாம்னுதான் பார்த்தேன். கால் வரவே இல்ல."

"எனக்கும்தாம்மா," என்றார்.

அவள் குனிந்து பார்த்தாள். அவருடைய ஒரு காலில் பூட்ஸ் இருந்தது. இன்னொரு காலில் காலுறை மட்டும். ஓட்டை வழியே கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

அந்தக் காலின் பூட்ஸ் முன்சக்கரத்துக்கு அடியில் இருந்தது. நுனியில் காலியாக இருந்த அந்த இரண்டு சைஸ் மட்டும் தட்டையாகியிருந்தது.

மதியச் சாப்பாட்டு மேஜையில் கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, இருபத்திரண்டாவது விதியை எழுதிக்கொள்ளச் சொன்னார்: வழிகாட்டியே கத்தினாலும் இறக்கத்தில் பிரேக்கை விடக் கூடாது. அதைச் சோதிக்கத்தான் கத்தினாராம்.

ஒன்பதாவது விதி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

அவள் எழுதவில்லை. மேஜைக்கு அடியில் அவளுடைய வலது கால் இன்னும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது.