அறுபத்து மூன்றுக்கு மேலே

எடை பார்க்கும் அறையில் எல்லோரும் எடையைக் குறைக்கத்தான் பாடுபடுகிறார்கள். குத்துச்சண்டையில் வெல்டர்வெயிட் பிரிவுப் பெண்கள் அறுபத்தாறு கிலோவைத் தாண்டக்கூடாது. போன வருடச் சாம்பியன் போர்வைக்குள் வியர்த்தபடி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எச்சிலைத் துப்பித் துப்பி நாக்கை உலர்த்துகிறாள். எதிர்ச் சுவரில் சாய்ந்து கோணமூக்கி மட்டும் மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கிறாள். அறுபத்து மூன்றைத் தாண்டினால்தான் இந்தப் பிரிவு. அவளுக்கு முக்கால் கிலோ குறைகிறது. “சொன்னா கேளும்மா,” என்கிறார் பயிற்சியாளர். “கீழ்ப் பிரிவுல உன்னை அடிக்க ஆளே இல்ல. மெடல் கைக்கு வந்த மாதிரி. எதுக்கு வம்பை விலைக்கு வாங்குற?” இரண்டாவது பாட்டிலின் கடைசிச் சொட்டையும் விழுங்கிவிட்டு அவள் புறங்கையால் வாயைத் துடைக்கிறாள். “என் மூக்கை உடைச்சவ இந்தப் பிரிவுலதானே இருக்கா, சார்.” தராசில் ஏறும்போது வயிற்றுக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கிறது. சிவப்பு எண்கள் நடுங்கி, அறுபத்து மூன்று புள்ளி ஒன்றில் நிற்கின்றன. “எழுதிட்டேன், இறங்கும்மா,” என்கிறாள் அதிகாரி. அவள் இறங்கவில்லை. அங்கே நின்றபடியே சாம்பியனைத் திரும்பிப் பார்த்து, அந்தக் கோணல் மூக்கோடு சிரிக்கிறாள். துப்புவதற்காக டப்பாவைத் தூக்கிய சாம்பியன் எச்சிலை விழுங்கிவிடுகிறாள்.