அறுபத்துமூன்றாம் எண் சீட்டு

சனிக்கிழமை காலை. நார்வேயின் பெர்கன் நகரில், ரொட்டிக் கடையின் கண்ணாடியில் மழை வழிகிறது. சுவரிலுள்ள வரிசை எண் பலகையில் அறுபத்துமூன்று எரிகிறது. என் சீட்டின் எண். "கோதுமை ரொட்டி ஒண்ணு, துண்டு போட்டுக் குடும்மா. ஏலக்காய் பன் ரெண்டு" என்கிறேன், நார்வே மொழியில். கல்லாவில் நிற்கும் இங்வில்ட் சிரித்தபடி, "எனிதிங் எல்ஸ்?" என்கிறாள். நான் போலந்திலிருந்து வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மீன் ஆலையில் பகலெல்லாம் நின்றுவிட்டு, மாலை வகுப்பில் கண் சொக்கச் சொக்கப் படித்த மொழி இது. என் பேச்சில் போலந்து வாடை அடித்தால் போதும், இவர்களுக்கு இரக்கம் பொங்கி ஆங்கிலம் வந்துவிடுகிறது. "வேற ஒண்ணும் வேணாம்" என்கிறேன், மறுபடியும் அவள் மொழியிலேயே. "டூ யூ நீட் எ பேக்?" மேடையை ஓங்கித் தட்டுகிறேன். "உன் பாஷைலதானேடி கேக்குறேன்? அதுலயே பதில் சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?" ரொட்டி வெட்டும் இயந்திரம் மட்டும் கடகடக்கிறது. காத்திருப்பவர்கள் அத்தனை பேரும் தங்கள் காலணிகளைப் பார்க்கிறார்கள். இங்வில்டின் கழுத்து சிவக்கிறது. "ஸாரி, ஐ வாஸ் ஜஸ்ட் டிரையிங் டு ஹெல்ப்." அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு கிழவி, நனைந்த சீட்டை ஆட்டிக்கொண்டு, நார்வே மொழியில் வெடிக்கிறாள்: "ஏய், அறுபத்துநாலு நான்! உன் சண்டைய வெளிய போய் வச்சுக்க, மனுஷி இங்க எவ்வளவு நேரம் நிக்கிறது?" நான் திரும்பி, அவளுக்குச் சரிக்குச் சரி கொடுக்கிறேன். அவளும் விடவில்லை. மூச்சு வாங்க இரண்டு பேரும் கத்துகிறோம். அவள் வாயிலிருந்து ஒரு சொல்கூட ஆங்கிலத்தில் வரவில்லை.