கடல் பார்த்த மாப்பிள்ளை

கடலுக்கும் பசி எடுக்குமா என்று பொன்னாத்தாள் நினைத்துக்கொண்டாள். எடுக்கும் என்றுதான் அண்ணன் பத்து மாதமாக ஊருக்கெல்லாம் சொல்லிவருகிறான்.

வெண்ணந்தூரில் அந்தத் தெருவில் கடலைப் பார்த்தவன் அவள் அண்ணன் நாச்சிமுத்து ஒருவன்தான். இன்று அவனுக்கு இரண்டாம் கல்யாணம். மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருந்தவனைச் சுற்றிப் பெண் வீட்டார் பட்டணத்துக் கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“உயிர்க் காலேஜுல புலி சிங்கமெல்லாம் நெசமாவே இருக்குதுங்களா மாப்பிள்ளை?” என்றார் பெண்ணின் அப்பா சின்னண்ணன்.

“இருக்குதுங்க மாமா. செத்த காலேஜுல செத்ததை எல்லாம் பாடம் பண்ணி வெச்சிருக்கறாங்க. கடலோரமா ஒரு கட்டடம், சுவரு பூராக் கண்ணாடி, உள்ளார மீனு நீந்துது. வெளக்குக் கோபுரத்துல ஏறிப் பாத்தமுன்னா கப்பலு எறும்பாட்டத் தெரியுமுங்க.”

“சமுத்திரமே உப்புத் தண்ணியாமே? அப்புறம் உப்பு விக்கறவன் என்னத்துக்குக் கழுதையக் கட்டி மேய்க்கறான்?” என்றாள் பெண்ணின் அத்தை குப்பாயி. பந்தல் சிரித்தது.

நாச்சிமுத்துவும் சிரித்தான். பிறகு, சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, முகத்தை மாற்றிக்கொண்டான்.

“அந்தத் தண்ணிதானுங்க எங்க வள்ளியக் கொண்டுக்கிட்டுப் போச்சு. காலு நனைக்கறேன்னு எறங்குனா. ஒரே அலை. ஒடம்பு கூடக் கெடைக்கல.”

மேல்துண்டால் கண்ணைத் துடைத்தான். பெண் வீட்டார் ‘உச்சு’ கொட்டினார்கள். மூத்தாள் இருக்கும் வீட்டில் பெண் கொடுப்பதில்லை என்பது சின்னண்ணனின் பிடிவாதம். கூடவே எட்டு ஏக்கர் கிணற்றுப் பாசன நிலத்தையும் மகள் பேருக்கு எழுதிவைத்திருந்தார்.

பொன்னாத்தாள் தூணோரம் நின்று அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதே துண்டு, இதே குரல். பட்டணத்திலிருந்து தனியாக வந்து இறங்கி அவன் முதல்முறை இதைச் சொன்னபோது அவள் மண்ணில் புரண்டு அழுதாள். அந்த அழுகையைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

“வசந்தாமணியையும் தை மாசம் கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டிப்போடறனுங்க மாமா” என்றான் நாச்சிமுத்து. உள்ளே கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பதினாறு வயதுப் பெண். கடல் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

“கண்ணைப் பொத்திக்கிட்டுத்தான் கடலுக்குக் கூட்டிட்டுப் போனீங்களாமாண்ணா, நங்கையை?” என்று கேட்டாள் பொன்னாத்தாள். அண்ணன் மனைவியை அவள் நங்கை என்றுதான் கூப்பிடுவாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். “ஆமா, திடீர்னு காட்டலாமுன்னு... அது உனக்கு யாரு சொன்னது?”

“போனது நீங்க ரண்டு பேருந்தானுங்களே. வேற யாரு சொல்லுவாங்க?”

எப்போது சொன்னோம் என்று அவன் நெற்றியைச் சுருக்கினான். அதற்குள் சடங்கு நடத்தும் அருமைக்காரர் குரல் கொடுத்துவிட்டார்.

“இணைச்சீருக்கு நேரமாச்சு. பொறந்தவ எங்கே? வா சாமி.”

கூடப் பிறந்தவள் கூறைச்சேலை உடுத்தி, பேழையை ஏந்தி, மாப்பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தாலி. இவன் நல்லவன், இவனை நம்பலாம் என்று பிறந்தவள் சபைக்குச் சொல்லும் சாட்சியாகவே அது பொன்னாத்தாளுக்குத் தோன்றும். முதல் கல்யாணத்தில் அவள்தான் நின்றாள். அந்தச் சாட்சியை நம்பித்தான் வள்ளியாத்தாள் கழுத்தை நீட்டினாள்.

காலையில், வாழ்க்கைப்பட்ட ஆட்டையாம்பட்டியிலிருந்து புருஷனோடு வண்டியில் வரும்போது வழியெல்லாம் அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். நிச்சயத்தன்றே வாயைத் திறந்திருக்கலாம். திறக்காமல் இருந்தது எதற்கு? பயமா? இல்லை. பந்தல் நிறைய ஜனம் வேண்டியிருந்தது. அவன் மாலையோடு இருக்க வேண்டும், மாமனார் எதிரே இருக்க வேண்டும். தன் மனசுக்குள் இத்தனை விஷம் இருந்ததா என்று நினைத்தபோது கூசியது. ஆனாலும் அதைத் துப்பிவிட அவளுக்கு மனமில்லை.

அந்தச் சின்னப் பெண் நாலு நாள் அழுவாள். அழட்டும். அழுவதற்கு உயிர் இருக்குமே.

கூறைச்சேலையைத் தட்டோடு நீட்டினார் அருமைக்காரர். பொன்னாத்தாள் கை நீட்டவில்லை.

“என்ன சாமி, ஒடம்புக்கு ஆகலியா?”

“இல்லீங்க, நல்லாத்தான் இருக்கறேன்.”

நாச்சிமுத்து எழுந்து வந்தான். முகத்தில் சிரிப்பு இருந்தது, பற்களைக் கடித்திருந்தான். “ஏ புள்ள, சபை பாத்துக்கிட்டிருக்குது. உங்க நங்கைய நெனச்சு அழுவறதெல்லாம் அப்புறம் வெச்சுக்க. செத்தவ திரும்பியா வரப்போறா? நீ ஒண்ணும் பேச வேண்டாம், வந்து நின்னாப் போதும்.”

மேளம் நின்றுவிட்டது. சின்னண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்தார்.

பொன்னாத்தாள் தட்டை மெதுவாக அண்ணன் பக்கம் தள்ளினாள். அவள் குரல் உயரவே இல்லை.

“நான் நிக்கறதுக்கில்லீங்கண்ணா; வள்ளி நங்கை எங்க ஊட்டுல ஒண்டியா இருக்கறாங்க.”