ஒளித்துணிக்கை எண்ணிய வளவு

லண்டனிலிருந்து லீவில் வந்த பௌதிகக் கலாநிதி நவரட்ணம், தன் புது வீட்டு வளவை அளந்துகொண்டிருந்த நில அளவையாளர் மார்க்கண்டுவின் அளவுச் சங்கிலியைக் காலால் தட்டினார்.

"உது மாடு கட்டத்தான் சரி. என்ரை லேசர், திரும்பி வாற ஒளியைத் துணிக்கை துணிக்கையாய் எண்ணும். வெயில் வெளிச்சத்தின்ரை இரைச்சலைக் குவாண்டம் முறையிலை கழிச்சுப்போடும். மயிரிழையும் பிசகாது."

"சங்கிலிக்குத் தொண்ணூற்றி நாலடி வருது, ஐயா."

"உம்மடை சங்கிலியை ஆர் கேட்டது? மிசின் சொல்லுறதுதான் முடிவெண்டு எழுதும்."

எழுதியதில் கலாநிதி கையெழுத்து வைத்தார். வேலித் தகராறு போட்ட அடுத்த வளவு இரத்தினம்மாவும் வைத்தார். கார் பற்றறியில் லேசர் மின்னியது.

"தொண்ணூற்றி நாலடி மூண்டங்குலம்!" கலாநிதி முழங்கினார். "பாத்தீரோ? என்ரை காணியிலை மூண்டங்குலத்தை உம்மடை சங்கிலி விழுங்கிப்போட்டுது!"

"ஓம் ஐயா." மார்க்கண்டு காணி உறுதிப் பத்திரத்தை விரித்தார். "உறுதியிலை உங்களுக்குத் தொண்ணூறடிதான். மிச்சம், உங்கடை அப்பர் வருசா வருசம் வேலிக் கதியாலைத் தள்ளி நட்டு எடுத்த இரத்தினம்மா அக்கான்ரை காணி. திருப்பிக் குடுக்கிறது நாலடியெண்டால் வேலியை உள்ளுக்குத் தள்ளுறதோடை போயிருக்கும். அதுக்கும் உள்ளாலை வாற அந்த மூண்டங்குலத்திலைதான் உங்கடை புது வீட்டுச் சுவர் நிக்குது."