நான்காவது வழி

டெலிபோன், தந்திக்கம்பி, வயர்லெஸ், எது கிடைத்தாலும் அதன் வழியே விழுப்புரம் எண்ணெய் ஆலையின் திண்டிவனம் கிளையிலுள்ள ஒரே கம்ப்யூட்டரைப் பிடித்துவிடும் புரோகிராமை எண்பத்தெட்டாம் வருஷம் குல்சும் எழுதி முடித்தாள். அது ஓடாவிட்டால் வேலையை விட்டு நின்றுவிடச் சொல்லியிருந்தார் ஆலை முதலாளி.

அவர் கண்ணெதிரே ஒவ்வோர் இணைப்பாகப் பிடுங்கினாள். திரை அடுத்த வழியின் எண்ணைக் காட்டிக்கொண்டே வந்தது. மூன்றையும் பிடுங்கிய பிறகு, ‘வழி 4, திண்டிவனம் தயார்’ என்றது.

“பலே!” என்றார் முதலாளி.

அப்போது திண்டிவனம் கிளைப் பாண்டுரங்கன் வேர்க்க விறுவிறுக்க நுழைந்தார். தோளில் சாக்குமூட்டை.

“மன்னிச்சிக்கம்மா. டெஸ்ட்டுக்கு முன்னாடி மயிலத்துல பூஜை போடலாம்னு கம்ப்யூட்டரை எடுத்துக்கினு போனேன். லேட்டாயிடுச்சி, நேரா இங்கயே வந்துட்டேன்.”

மூட்டைக்குள் கம்ப்யூட்டர் குங்குமப் பொட்டோடு இருந்தது. குல்சுமின் திரையில் திண்டிவனம் இன்னும் தயாராகவே இருந்தது. அவள் புரோகிராமின் கையேட்டை எடுத்து, ‘மூன்று வழிகள்’ என்பதில் மூன்றை அடித்துவிட்டு, கொட்டை எழுத்தில் நான்கு என்று எழுதினாள்.