கண்ணில் ஃபோகஸ்

"மேடம், பின்னாடி இருக்கறது எதுவும் தெரியக் கூடாது. அதுக்கு என்ன பண்ணணும்?"

ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிறு காலை நடக்கும் கேமரா வகுப்பு. முதல் நாளே இப்படிக் கேட்டவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மற்றவர்கள் பூ, பறவை, சூரிய உதயம் என்று அலைந்தார்கள். இவருக்கு இந்த ஒரே கேள்விதான்.

டீச்சர் சின்ன வயசுக்காரர். பொறுமைசாலி.

"அப்பர்ச்சர் நம்பரைக் குறைங்க சார். ஆளுக்குக் கிட்டப் போங்க. ஆளுக்கும் சுவருக்கும் நடுவுல நல்லா இடைவெளி விடுங்க. ஃபோகஸை மட்டும் கண்ணுல வைங்க. கண்ணு ஷார்ப்பா இருந்தா போதும், மத்தது மங்கினா பரவாயில்லை."

"அது போன்லயே இருக்கே அண்ணே" என்றார் பக்கத்து நாற்காலி வக்கீல்.

"போன்ல எடுத்தா முடி ஓரமெல்லாம் பிசிறடிக்குது சார். வேணும்னே மறைச்சதுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க."

"யாரு?"

மெக்கானிக் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். வக்கீலுக்கு அது போதாதா!

அதன் பிறகு வாராவாரம் மெக்கானிக் ஒரு படம் கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் ஒரே அம்மாள். தடிமனான மூக்குக் கண்ணாடி, தோளை இறுக்கிப் போர்த்திய நீலச் சால்வை, வாய் நிறையச் சிரிப்பு. பின்னால் வெள்ளையாக ஒரு மங்கல், அவ்வளவுதான்.

வக்கீல் டீச்சர் காதைக் கடித்தார்.

"இந்த வெயில்ல சால்வை! அப்ப ஏசி ரூம். எந்த ரூம்னு வெளியே தெரியக் கூடாது. சொந்த வீட்டம்மான்னா வீட்டுல வச்சு எடுக்க வேண்டியதுதானே? கேஸ் ரொம்ப ஸ்ட்ராங் மேடம்."

"உங்க படத்துல கோபுரமே சாய்ஞ்சிருக்கு. முதல்ல அதைப் பாருங்க சார்" என்று டீச்சர் அடக்கினார். ஆனால் அவருக்கும் உள்ளுக்குள் குறுகுறுப்புதான். அப்படி என்னத்தை மறைக்கிறார் இந்த மனுஷன்?

நாலாவது படம் வந்த அன்று எல்லார் படத்தையும் பெரிய திரையில் போட்டார் டீச்சர். மெக்கானிக்கின் முறை வந்தது.

"பின்னாடிதான் மூடியாச்சு. கண்ணையாவது பெருசாக்கிக் காட்டுங்க மேடம். ஃபோகஸ் விழுந்திருக்கான்னு பாப்போம்" என்றார் வக்கீல்.

டீச்சர் பெரிதாக்கினார்.

ஃபோகஸ் அருமையாக விழுந்திருந்தது. இமை முடியை எண்ணிவிடலாம். கூடவே, மூக்குக் கண்ணாடியில் அந்த அம்மாளுக்கு எதிரே இருந்ததெல்லாம் குட்டி குட்டியாக, பளிச்சென்று தெரிந்தது. வரிசையாக இரும்புக் கட்டில்கள். ட்ரேயோடு ஒரு நர்ஸ். அந்த அம்மாளின் கட்டிலோரத்தில் வெறும் ஸ்டாண்ட் ஒன்று.



டீச்சர் பழைய படங்களையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். அதே கட்டில்கள், அதே ஸ்டாண்ட். முதல் படத்தில் அதில் இரண்டு ட்ரிப்ஸ் பாட்டில்கள். இரண்டாவதிலும் இரண்டு. மூன்றாவதில் ஒன்று.

"ஐயையோ!" மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாலு வாரமா இதைத்தானே மேடம் மகளுக்கு அனுப்பிட்டு இருக்கேன்!"

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. மகள் ஆயிரம் மைல் தள்ளி ஹாஸ்டலில் இருக்கிறாள். கடைசி வருஷப் பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது. அம்மாவுக்குப் பெரிய ஆபரேஷன் என்று தெரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள்.

"மூச்சு விடக் கூடாதுன்னு வீட்டம்மா ஆர்டர் மேடம். படிப்பு கெடும்னு சொல்லி வீடியோ காலையும் நிறுத்திட்டா. அதுக்குப் பதிலா வாரம் ஒரு படம். ஆஸ்பத்திரி கவுன் தெரியாம இருக்கத்தான் சால்வை."

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"மகள் ஏதாவது கேட்டாங்களா?" என்றார் டீச்சர்.

"ஒரு வார்த்தை கேக்கலை. அவளுக்கு என்ன தெரியும் பாவம், குழந்தை மாதிரி. இந்தாங்க, நீங்களே பாருங்க."

போனை நீட்டினார். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் மகளின் பதில் இருந்தது.

முதல் படத்துக்கு: 'அம்மா அழகா இருக்காங்கப்பா.' இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று: 'அடுத்த வாரமும் கண்ணாடி போட்டுக்கிட்டே இருக்கட்டும். கழட்டச் சொல்லாதீங்க.'

இரண்டாவதுக்கு: 'இன்னும் கிட்டப் போய் எடுங்கப்பா. கண்ணு நல்லாத் தெரியணும்.'

மூன்றாவதுக்கு: 'இது பரவாயில்லை.'

நேற்று அனுப்பியதற்கு: 'இதுதான்பா எல்லாத்துலயும் நல்ல படம். நாலு வாரத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் நிம்மதியா தூங்கப் போறேன்.'

"இதுதான் எனக்குப் புரியலை மேடம்" என்றார் மெக்கானிக். "நாலும் ஒரே மூஞ்சி, ஒரே சிரிப்பு. இதுல மட்டும் என்னத்தைக் கண்டா?"

டீச்சர் நாலாவது படத்தைத் திரும்பத் திரையில் போட்டார்; அவர் கண் அந்த வெறும் ஸ்டாண்டிலேயே நின்றது.

"சொல்லுங்க மேடம், இன்னும் ரெண்டு பரீட்சை பாக்கி இருக்கு. கண்ணாடியில எதிர்ல இருக்கறது விழாம எடுக்க வழி இருக்கா?"

வழி இருந்தது. கண்ணாடியை லேசாகக் கீழே சாய்த்தாலே போதும். அடுத்த வாரப் பாடமே அதுதான்.

"இல்லை சார்" என்றார் டீச்சர். "பரீட்சை முடியற வரைக்கும் மகள் சொன்ன மாதிரியே எடுங்க. நாலு வாரமா அவங்க அம்மாவை அவங்க அந்தக் கண்ணாடியிலதான் பாத்துக்கிட்டு இருக்காங்க."